பட்டான் கல்: ஊரோரத்து நடுகல்லைக் கண்டறிந்து, படித்து, காப்பது எப்படி

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல், அதாவது சண்டையில் இறந்தவனின் நினைவாக நட்ட கல், இருக்கிறது. பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 624. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான், அதாவது இறந்தான், என்கிறது எழுத்து. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். அரசனும் இல்லை, படைத்தலைவனும் இல்லை. எருமை மேய்த்த ஒருவனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு இதற்கு நேர் எதிர். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. யார் அந்தப் பதினான்கு பேர் என்று அந்தக் கல்லிடம் கேட்க வழியில்லை. நடுகல்லிடம் கேட்கலாம். எழுத்தைச் சிதைக்காமல் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கல்லைப் பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். முதலில் ஒன்று: கழுவாதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் முதல் வேலை அதுதான், முதல் தவறும் அதுதான்.

எங்கே இருக்கும்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர், சேலம் பக்கங்களில் நடுகல் அதிகம். தெற்கிலும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள்தான் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் வைக்கப்படுபவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த அந்தவன் என்பவனுக்கானது.

ஊருக்குள் தேடாதீர்கள். ஏரிக்கரை, மந்தைவெளி, பழைய வண்டிப்பாதை, இரண்டு ஊர் எல்லை சேரும் இடம், மலையடிவாரக் கணவாய், வேம்பும் புளியும் தனித்து நிற்கும் வயல் வரப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மாடு போன வழியில்தான் சண்டை நடந்தது. ஆள் விழுந்ததும் அங்கேதான்.

ஊரில் போய், “இங்கே நடுகல் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். அந்தச் சொல் பல ஊர்களில் புழக்கத்தில் இல்லை. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் என்பார்கள், கொங்கில் மாலைக்கோயில், வீரக்காரன். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் பட்டவன். அதனால் மாடு மேய்க்கும் பெரியவரிடம், “ஐயா, ஊருக்கு வெளியே தனியா ஒரு கல்லுக்குப் பொங்கல் வைப்பாங்களே, அது எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்.

நடுகல்தானா என்று பார்ப்பது

பலகை போன்ற கல்லில் ஒரு ஆண் உருவம், ஒரு கையில் வில், மறுகையில் வாளோ குறுவாளோ, இடையில் உறை, உடம்பில் தைத்த அம்புகள், காலருகே சிறு குடமோ கிண்ணமோ, சில கற்களில் மாடுகள்: இது பல்லவர் காலத்து நடுகல்லின் பொதுவான அமைப்பு. பிற்காலத்தில் இரண்டு மூன்று அடுக்காகச் செதுக்கினார்கள். கீழடுக்கில் சண்டை, நடுவில் அவனை மேலுலகம் அழைத்துப் போகும் பெண்கள், மேலே அவன் லிங்கத்தை வணங்கும் காட்சி. பாய்கிற புலியை ஒருவன் குத்துவதாக இருந்தால் அது புலிகுத்திக் கல்.

குழப்பம் வரும் இடங்கள் இரண்டு. ஒருவன் வாளைத் தன் கழுத்திலேயே வைத்திருந்தால் அது போரில் இறந்தவன் கல் அல்ல, தன்னையே பலி கொடுத்த நவகண்டம் அல்லது அரிகண்டம். வீரனருகே வளையணிந்த கையை உயர்த்தி ஒரு பெண் நின்றால், அவள் உடன்கட்டை ஏறியதைக் குறிக்கும் சதிக்கல் அது. இரண்டையும் ‘போர்வீரன் சிலை’ என்று செய்தித்தாளுக்குச் சொல்லிவிட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது.

கண் பழக வேண்டுமானால் ஒருமுறை தருமபுரி அகழ்வைப்பகம் போய் வாருங்கள். வரிசையாக நடுகற்களை வைத்திருக்கிறார்கள். பாதி நாள் அங்கே நின்று பார்த்தால், பத்துக் கட்டுரை படித்ததைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தொடுவதற்கு முன்

கல் யாருடைய இடத்தில் இருக்கிறது, பட்டாவா புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பூசை நடக்கும் கல்லாக இருந்தால் பூசாரியிடம் அனுமதி கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். தொல்லியல் துறையின் நீலப் பலகை இருந்தால், துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் படம் எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது.

பிறகு, கல்லை இருக்கிறபடியே பதிவு செய்யுங்கள். எண்ணெய், மஞ்சள், கட்டிய வேட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதுவும் அந்த வீரனுக்கு ஊர் செய்த மரியாதையின் வரலாறுதான். குறிக்க வேண்டியவை: தரைக்கு மேல் உயரம், அகலம், கனம், உருவத்தின் உயரம், எழுத்து வரிகளின் எண்ணிக்கை, ஓர் எழுத்தின் உயரம், கல் பார்க்கும் திசை, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, அன்றைய தேதி. திசையைக் குறிக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாலைப் பணியில் கல்லை நகர்த்திவிட்டால் அது எப்படி நின்றது என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.

வெளிச்சம்தான் முதல் கருவி

உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை ஏழு, ஏழரைக்கும் மாலை ஐந்து மணி வாக்கிலும், வெயில் கல்லின் முகத்தை உரசினாற்போலச் சாய்ந்து விழும்போது பாருங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கல் வடக்கு நோக்கியோ மர நிழலிலோ இருந்தால் இருட்டிய பின் வாருங்கள். கல்லின் பக்கவாட்டில், முகத்துக்கு ஏறத்தாழ 10, 15 பாகைச் சாய்வில் டார்ச்சைப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். கேமரா அசையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த கீற்று மறுபக்க வெளிச்சத்தில் தெரியும். வலமிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் நெடுக்குக்கோடு தெரியும், கிடைக்கோடு போய்விடும் என்பதுபோன்ற ஏமாற்று நிறைய உண்டு.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு படத்தில் அளவுகோல் தெரிய வேண்டும். 10 செ.மீ. கட்டம் போட்ட அட்டை போதும். கல்லின் மேல் ஒட்டாதீர்கள், பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.

எழுத்துக்குள் சுண்ணக்கட்டி தேய்ப்பது, மைதா மாவு பூசுவது பழைய பழக்கம். இன்னும் செய்கிறார்கள். மாவு பூச்சியை அழைக்கிறது, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கிறது. அதைவிடப் பெரிய சேதம் வேறு: சுண்ணக்கட்டி பிடித்த கை, தான் படித்த எழுத்தைத்தான் வரையும். அடுத்து வருபவர் கல்லைப் படிக்கமாட்டார், உங்கள் ஊகத்தைப் படிப்பார்.

சுத்தம் செய்வதும் மைப்படி எடுப்பதும்

பாசி, மண் மூடி எழுத்தே தெரியவில்லை, பூசையும் இல்லை, அனுமதியும் இருக்கிறது என்றால் மட்டும் தண்ணீர் ஊற்றி மென்மையான நார்த்தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சோப்பு, புளி, அமிலம், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். இடுக்கில் இருக்கும் மண்ணை மூங்கில் குச்சியால் எடுங்கள், ஆணியால் அல்ல. காய்ந்த வெள்ளைப் பாசி வராவிட்டால் விட்டுவிடுங்கள். சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும். தொல்காப்பியம் நடுகல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறாகச் சொல்கிறது. நீர்ப்படை என்பது கல்லை நீராட்டுவது. அவர்களும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மைப்படி என்பது ஈரத் தாளைக் கல்லில் படியவிட்டு, மை ஒற்றி எடுக்கும் எழுத்தின் நகல். அதற்கு வேண்டியவை: மேப்லித்தோ தாள், 10 லிட்டர் தண்ணீர், கனமான மயிர்த்தூரிகை, துணிப்பொதி ஒற்றி, புகைக்கரி மை, ஒரு தட்டு. கடும் வெயிலோ காற்றோ இல்லாத நேரம் வேண்டும்.

தாளை எழுத்துப் பரப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். கல்லை நனையுங்கள். தாளையும் நனைத்து மேல் ஓரத்திலிருந்து படிய விடுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் காற்றுக் குமிழை வெளியேற்றிக்கொண்டே தூரிகையால் தட்டுங்கள். குத்தக்கூடாது, தட்ட வேண்டும். எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்க வேண்டும். எங்காவது கிழிந்தால் பதறாதீர்கள். ஈரத் துண்டு ஒன்றை மேலே வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

இப்போதுதான் பொறுமை தேவை. தாள் முக்கால்வாசி காய வேண்டும். ஈரத்தில் மங்கலாக இருந்த தாள் வெளுக்கத் தொடங்கும்போது, விரல் வைத்தால் குளிர்ச்சி இருக்கும், ஈரம் ஒட்டாது. அதுதான் பதம். அதற்கு முன் மை ஒற்றினால் தாள் உறிஞ்சிக் கறை கல்லுக்கு இறங்கும். கல்லில் இறங்கிய மை போகாது. அதற்குப் பிறகு என்றால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும், எழுத்து இரட்டையாக விழும். ஒற்றியில் மையைத் தொட்டுத் தட்டில் இரண்டு மூன்று முறை தட்டி அதிகப்படியை எடுத்துவிட்டு, தாளில் லேசாக ஒற்றிக்கொண்டே போங்கள். ஒரே தடவையில் கறுப்பாக்க நினைக்காதீர்கள். மூன்று சுற்று மெல்லிய மை, ஒரு சுற்றுக் கனத்த மையைவிடத் தெளிவு. எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் நிற்கும்.

மேல் மூலையிலிருந்து உரித்து, பின்பக்கம் ஊர், தேதி, மேல்பக்கம் எது என்று பென்சிலால் எழுதி, நிழலில் காயவைத்துச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் ஓர் எழுத்துப் போய்விடும்.

முதல் மைப்படியை உங்கள் வீட்டு அம்மிக்கல்லில் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது நான்காவது தடவைதான் கை வரும். நடுகல் பயிற்சிக்கான இடம் இல்லை.

படிப்பது

பல்லவர் காலத்து நடுகற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து என்னும் பழைய, வளைவான தமிழ் எழுத்து இருக்கும். எழுத்து உருவத்தின் தலைக்கு மேல் தொடங்கும். இடம் போதாமல் பக்கவாட்டில் இறங்கும், சில நேரம் கைக்கும் காலுக்கும் இடையில் கிடைத்த இடத்தில் நுழையும். ‘கல்’ என்ற கடைசிச் சொல் மட்டும் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும்.

நெடுங்கணக்கு முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. நடுகல் வாசகத்துக்கு ஒரு வார்ப்பு உண்டு: ‘கோவிசைய’ என்ற அடைமொழி, அரசன் பெயர், ‘பருமற்கு’, ஆட்சியாண்டு, பகுதித் தலைவன், அவனுடைய சேவகனோ மகனோ ஆன வீரன், நடந்தது என்ன, கடைசியில் ‘பட்டான் கல்’. எனவே பட்டான், கல், கோவிசைய, தொறு ஆகிய நான்கு சொற்களை முதலில் அடையாளம் காணுங்கள். அவற்றிலேயே பத்துப் பதினைந்து எழுத்து கிடைத்துவிடும். பிறகு வீரன் பெயருக்குப் போகலாம். தொறு என்றால் மாட்டு மந்தை. ‘தொறுக் கொண்ட’ என்றால் கவர்ந்த கூட்டம், ‘தொறு மீட்டு’ என்றால் மீட்கப் போனவன். ஒரு சொல் மாறினால் கள்ளனும் காவலனும் இடம் மாறிவிடுவார்கள். பருமன் என்பது வர்மன். உடல் பருமனோடு அதற்குச் சம்பந்தமில்லை.

மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள், ஒகர ஓகாரமும் அப்படித்தான். ப, வ, ய மூன்றும் பிற்கால வட்டெழுத்தில் உடன்பிறந்தவைபோல இருக்கும். ஆகவே பெயரில் ஐயம் வந்தால் அந்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுங்கள், சிதைந்ததற்குப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்து, கல்லில் எப்படிப் பிரிகிறதோ அப்படியே பிரித்து எழுதுங்கள். அழகாக இருக்கட்டும் என்று ஊகத்தால் நிரப்பிய பெயர், மறந்துபோன வீரனை இரண்டாம் முறை மறைப்பதற்குச் சமம். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பிடுவது நல்லது.

எழுத்தே இல்லாத நடுகல்லும் ஏராளம். அப்போது ஆயுதம், கொண்டை, ஆடை, அடுக்கு அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு நூற்றாண்டை ஓரளவு சொல்லலாம். ஒன்று, இரண்டு நூற்றாண்டு பிசகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ‘2000 ஆண்டு பழமை’ என்ற தலைப்புக்குக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீரன் எந்தச் சாதி என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். கல்லில் உள்ளதைப் படித்துக் காட்டுங்கள், கல்லில் இல்லாததற்கு ‘கல்லில் இல்லை’ என்று சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் வாய் தவறினால் கல்லுக்கு வண்ணம் பூசிக் கொடி நட்டுவிடுவார்கள். அதன்பின் எந்தத் தரப்பும் உங்களை அருகே விடாது.

யாரிடம் சொல்வது

வட்டாட்சியருக்கு ஒரு மனு, படிகள் மாவட்ட ஆட்சியருக்கும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த அளவு போதும்:

“... வட்டம், ... கிராமம், புல எண் ... இல், ஏரிக்கரையின் தென்கோடியில், கிழக்கு நோக்கி நிற்கும் நடுகல் ஒன்று உள்ளது. தரைக்கு மேல் 120 செ.மீ. உயரம், 80 செ.மீ. அகலம். வட்டெழுத்தில் 5 வரிகள் உள்ளன. படங்களும் அமைவிடக் குறிப்பும் இணைத்துள்ளோம். கரை பலப்படுத்தும் பணி நடைபெற உள்ளதால், கல்லை இருந்த இடத்திலேயே பாதுகாக்கவும், பணி ஒப்பந்தக்காரருக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறோம்.”

‘இருந்த இடத்திலேயே’ என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தோடே கல்லைத் தூக்கி அலுவலக வாசலில் வைத்துவிடுவார்கள். ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் மனுவுக்குக் கனம் கூடும். புதிய கல்வெட்டு என்றால் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழுக்குப் பாடத்தையும் படத்தையும் அனுப்பலாம். ஆய்வாளர் கண்ணுக்குப் போக அது நேர்வழி.

ஒதுக்குப்புறக் கல்லின் துல்லியமான அமைவிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் என்று நம்புகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. இரவோடு இரவாகத் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிட்டுப் போவார்கள்.

கல்லைக் கெடுக்கும் நல்லவர்கள்

பகைவரால் அழிந்த நடுகல்லைவிடப் பக்தியால் அழிந்தது அதிகம். எனாமல் வண்ணம் எழுத்துப் பள்ளத்தை நிரப்பி, கல்லின் ஈரம் வெளியேறாமல் அடைத்து, சில ஆண்டில் தோலோடு உரிகிறது. சிமெண்டுத் திண்ணை கட்டினால் கீழ் இரண்டு வரி உள்ளே போய்விடும். வீரன் பெயர் அங்கேதான் இருந்திருக்கும். மணல் வீச்சு இயந்திரத்தால் ‘புதுசு’ ஆக்கினால் எழுத்தும் உருவமும் சேர்ந்தே போகும்.

சாய்ந்த கல்லை நிமிர்த்த ஆள் கூட்டுவதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,700 கிலோ. ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், 20 செ.மீ. கனம் என்றால் 0.3 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 810 கிலோ. நான்கு இளைஞர்கள் தூக்கும் பொருள் இல்லை. ஜே.சி.பி.யில் சங்கிலி கட்டி இழுத்தால் உருவத்தின் கழுத்துப் பகுதியில் முறியும். துறையின் மேற்பார்வையில் நார்ப்பட்டை போட்டுத் தூக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு குழி எடுத்து, சல்லியும் மணலும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். சிமெண்டு வேண்டாம், அதன் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறும். சுற்றிலும் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள்.

பூசையை நிறுத்தச் சொல்லாதீர்கள். பூசை இருக்கும்வரைதான் அந்தக் கல்லுக்குக் காவல். எண்ணெயையும் கற்பூரத்தையும் முகத்துக்கு ஓர் அடி தள்ளித் தரையில் வைக்கக் கேளுங்கள், கேட்பார்கள்.

பெயர்ப்பலகையைக் கல்லில் துளையிட்டு மாட்டாமல், ஒரு மீட்டர் தள்ளித் தனிக்காலில் நிறுத்துங்கள். மூன்றடிக்கு இரண்டடி போதும். முதல் வரியில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், வீரன் பெயர் வர வேண்டும். அரசன் பெயர் இரண்டாம் வரிக்குப் போகலாம். அடுத்து எந்த ஆண்டு, என்ன நடந்தது, கல்லின் மூல வாசகம், இன்றைய தமிழில் அதன் பொருள். திறந்துவைத்தவர் பெயரும் நன்கொடையாளர் பட்டியலும் பலகையின் பின்பக்கம்.